வண்டியில் இருக்கிறாள்

"சந்தகமா, வேலிமுத்ரா?" என்று கேட்டபடி ஆஸ்பத்திரிக் குமாஸ்தா பெரிய நோட்டை ஜன்னல் வழியாகத் தள்ளினார். கையெழுத்தா, கைநாட்டா என்பதுதான் கேள்வி. கங்கையா பேனாவை வாங்கினார். தெலுங்கில் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை அவர் வரைந்து முடிக்கும்வரை பின்னால் நின்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். பாஸ்போர்ட்டுக்காகக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட அன்று சாயங்காலமே அவர் மனைவி செங்கம்மா அவரையும் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்திருந்தாள். அது தொண்ணூற்றேழில். அதற்குப் பிறகு அவர் எங்கேயும் கட்டைவிரலை மையில் தொட்டதில்லை. இப்போது அவளையே அந்தக் கையெழுத்தைப் போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

நோட்டுக்குப் பதிலாக ஒரு துணிப்பை வந்தது. உள்ளே ஒரு மாற்றுச் சேலை, மூக்குக்கண்ணாடி, மொபைல், கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அடையாள அட்டை. அட்டையிலிருந்த போட்டோவில் செங்கம்மா யாரையோ அதட்டப்போகிறவள்போல இருந்தாள்.

"வண்டி வந்துடுச்சிண்ணா" என்றாள் சுந்தரம்மா. நகரிக்காரி, விசைத்தறி ஓட்டுகிறவள். வருஷத்தில் ஒரு வாரம் திருமலையில் சேவை செய்யப் போகும் பெண்கள் கூட்டத்தில் ஏழு வருஷமாகச் செங்கம்மாவோடு சேர்ந்து வருகிறாள். சேவைக்காரர்களின் அரக்கு நிறச் சேலையை இன்னும் மாற்றவில்லை. விடிகாலையில் கங்கையாவுக்குப் போன் செய்தது அவள்தான். அப்போது சொன்னதை நேரிலும் ஒரு முறை சொல்லியிருந்தாள்.

"நாலு மணி இருக்கும்ணா. தரிசனத்துக்கு ஒக்காந்துக்கினு இருக்கறவங்களுக்குப் பால் ஊத்திக்கினு இருந்தா. ஒரு பொம்பள கொழந்தைக்கி ரெண்டாவது தபா டம்ளர நீட்டுச்சி. 'இரு தாயி, வரேன்'னா. சொல்லிட்டு ஒக்காந்தா. அவ்ளோதான். டாக்டர் ஓடியாந்தாரு, கீழ கொண்டாந்தாங்க. ஒண்ணும் கொறை வெக்கல."

காலையிலிருந்து ஆறு பேராவது அவரிடம் வந்து, "ஏழுமலையான் காலடியிலயே போயிட்டாங்க, புண்ணியவதி" என்றுவிட்டார்கள். எல்லோருக்கும் கங்கையா தலையாட்டினார். அது சரிதான். ஆனால் அவள் போக வேண்டிய ஊர்கள் இன்னும் எவ்வளவோ இருந்தன. காசி ஆயிற்று, ராமேஸ்வரம் ஆயிற்று, நாகூர் தர்காவும் வேளாங்கண்ணியும் ஒரே பயணத்தில் ஆயிற்று. கேதார்நாத்துக்குக் கோவேறு கழுதையில் போவார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அதையே பேசிக்கொண்டிருந்தாள். "சாமி கெடக்கட்டும்யா, அந்தக் கழுதைங்க கால எப்பிடி வெக்குதுங்கன்னு பாக்கணும்" என்பாள்.

ஸ்ட்ரெச்சரை வண்டியில் ஏற்றும்போது மகனிடமிருந்து போன் வந்தது. சுரேஷ்பாபு பெங்களூரில் கால் சென்டர்காரர்களை ஏற்றி இறக்கும் கார் ஓட்டுகிறான். ராத்திரி டூட்டி முடித்த கையோடு, தன் மனைவி ரேகாவை அழைத்துக்கொண்டு கிளம்பியிருந்தான்.

"நைனா, முளுபாகல் தாண்டிட்டோம். நீ பைபாஸ்லயே வந்துடு. அஞ்சு மணிக்குள்ள எடுத்துடணும்."

"ம்."

"அப்பறம், சித்தூர் கிருஷ்ணப்பாகிட்ட பேசிட்டேன். எப்பிடியும் சாவுக்கு வருவாரு. போறப்போ அம்மாவோட குதிரைய ஓட்டிக்கினு போவட்டும். நீ அதுங்கிட்டயே போமாட்ட. காரியம் முடிஞ்சதும் எங்ககூட பெங்களூர் வந்துடு."

"ம்."

"இன்னா நைனா, சரியா?"

"பாத்து வாடா" என்று போனை வைத்தார். 'உன் ம்முக்கு ஆமாவா இல்லையான்னு கண்டுபுடிக்க ஒரு ஆபீசே தொறக்கணும்யா' என்று செங்கம்மா சொல்வதுண்டு.

ஆம்புலன்ஸ் டிரைவர் பழனி சத்தியவேட்டுக்காரன். தமிழ் பேசுகிற ஆள் என்று தெரிந்ததும் கங்கையாவுக்குக் கொஞ்சம் ஆசுவாசமாக இருந்தது. ஒரு பக்கப் பெஞ்சில் அவரும் எதிரில் சுந்தரம்மாவும் உட்கார்ந்தார்கள். நடுவில் வெள்ளைத் துணி போர்த்திய செங்கம்மா. சந்திரகிரி தாண்டுகையில் ரோட்டு வளைவில் அவள் கால் ஒருபக்கமாகச் சரிந்தது. கங்கையா பாதத்தைப் பிடித்து நேராக வைத்தார். வெடித்த குதிகால். வலது கட்டைவிரல் நகம் பாதி கறுத்திருந்தது. அது குதிரை மிதித்தது. பிடித்த கையை அவர் எடுக்கவில்லை.

ஜில்லாவையே சுற்றிவருவதுபோலத் திருப்பதியிலிருந்து சித்தூர், சித்தூரிலிருந்து கங்காதர நெல்லூர், அங்கிருந்து அவர்கள் ஊர் இருக்கும் பாலசமுத்திரம். மூன்று மணி நேரமாவது ஆகும். ஒரே ஒரு பயணத்தை விட்டால், கல்யாணமான முப்பத்துநாலு வருஷத்தில் இருவரும் சேர்ந்தாற்போல் இவ்வளவு நேரம் ஒரே வண்டியில் உட்கார்ந்ததில்லை.

செங்கம்மாவின் அப்பா வீராசாமி சித்தூர் ரயிலடியில் ஜட்கா ஓட்டியவர். ஆண்பிள்ளை இல்லை. அவருக்கு இழுப்பு அதிகமான நாட்களில் பதினைந்து வயதுப் பெண் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சவாரி போய் வருவாள். கல்யாணத்தன்று மாப்பிள்ளையை அழைத்துவந்ததும் அந்த ஜட்காதான். கூலிக்காரக் குடும்பத்துப் பையன் கங்கையா, வாழ்க்கையில் போட்ட முதல் புதுச் சட்டையோடு இறங்கிக் குதிரைக்குப் பக்கத்தில் நின்றபோது அது தோளைக் கவ்விவிட்டது. சட்டை கிழிந்து ரத்தம் வந்தது. மணப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து அவர் முதலில் பார்த்ததும் குதிரையை முதலில் கிட்டத்தில் பார்த்ததும் ஒரே நாளில். ஒன்று அப்போதே பிடித்துப்போயிற்று. இன்னொன்று இன்றுவரை பிடிக்கவில்லை.

தொண்ணூறுகளில் ஷேர் ஆட்டோக்கள் வந்தன. ரயிலடியில் ஜட்காக்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் வீராசாமியும் போய், அவருடைய குதிரையும் போயிற்று. அந்த வருஷங்களில் அந்தப் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் எங்கேயாவது கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் பெங்களூருக்கு, பெண்கள் குவைத்துக்கு. செங்கம்மாவும் வீட்டு வேலைக்கென்று போனாள். போன முதல் ராத்திரி, பத்திரமாக ஊர் திரும்பினால் வருஷா வருஷம் உன் மலையில் வேலை செய்கிறேன் என்று ஏழுமலையானிடம் வேண்டிக்கொண்டாளாம். எஜமானருக்கு ஊருக்கு வெளியே ஒரு பண்ணை இருந்தது. அதைப் பெருக்கித் துடைக்கப் போன இடத்தில், ஒரு பெட்டைக் குதிரை வயிற்று நோவு வந்து புரண்டுகொண்டிருந்தது. பார்த்துக்கொள்கிற ஆள் ஊருக்குப் போயிருந்தான். இவள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு அதைப் பிடித்து, படுக்கவிடாமல், பொழுது விடியுமட்டும் நடத்திக்கொண்டே இருந்தாள். அப்புறம் அவளை யாரும் துடைப்பம் எடுக்கவிடவில்லை.

அந்தக் கதையெல்லாம் ஊருக்குக் கேசட்டில் வந்தது. டேப் ரிக்கார்டர் இருந்த ஒரே வீட்டில் தெருவே கூடி உட்கார்ந்து கேட்டார்கள். புருஷன் எப்படி இருக்கிறான், பையன் எப்படிப் படிக்கிறான் என்று இரண்டு நிமிஷம்; மிச்ச இருபத்தெட்டு நிமிஷமும் நஜ்மா என்கிற அந்தக் குதிரை குட்டி போட்ட விவரம். நடுவில் அது கனைப்பதையும் பதிந்து அனுப்பியிருந்தாள். தெருவே சிரித்தது. கங்கையாவும் சிரித்தார். எல்லோரும் போன பிறகு, அந்த முதல் இரண்டு நிமிஷத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்.

ஏழு வருஷம் கழித்து வந்தாள். பிறத்தியார் நிலத்தில் களையெடுத்துக்கொண்டிருந்த குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர் சொந்தமாயிற்று. அடுத்த வருஷமே, ரயிலடிக் காலத்திலிருந்து அவள் அப்பாவுக்குச் சிநேகிதரான கிருஷ்ணப்பாவிடமிருந்து கால் தாங்கி நடந்த ஒரு குதிரையை ஓட்டிக்கொண்டு வந்தாள். கிருஷ்ணப்பா சித்தூரில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர். அதற்கும் நஜ்மா என்றே பெயர் வைத்தாள். ஊர்வாயில் அது நச்சம்மா ஆயிற்று. ஆறு மாதத்தில் நச்சம்மா நேராக நடந்தாள். அவளுக்கென்று ஒரு வண்டியும் செய்தாயிற்று. மழைக்காலத்தில் 108 வண்டி சேற்றைத் தாண்டி ஊருக்குள் வராது. பிரசவத்துக்குப் போகிறவர்கள், கண் ஆபரேஷனுக்குப் போகிற கிழவர்கள், பென்ஷன் எழுதப் போகிற விதவைகள் எல்லோரையும் செங்கம்மாதான் மெயின் ரோடுவரை, சில சமயம் மண்டல் ஆபீஸ்வரை கொண்டுபோய் விட்டாள்.

அவள் ஊரில் இல்லாத நாட்களில் குதிரைக்குத் தீனி வைத்தது கங்கையா. ஆறடி நீளத்தில் ஒரு கவைக்கோல் வெட்டி வைத்திருந்தார். புல்கட்டை அதில் குத்தித் தடுப்புக்கு மேலாக உள்ளே போடுவார். பக்கெட்டை அதனாலேயே தள்ளுவார், அதனாலேயே இழுப்பார். ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூடக் கையால் தொட்டதில்லை. ஒரு வேளை தவறியதும் இல்லை, இன்றைக்குக் காலை தவிர.

பூதலப்பட்டு தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. மாம்பழக் கூழ் ஃபாக்டரிக்கு மாங்காய் ஏற்றிவந்த லாரிகளும் டிராக்டர்களும் ரோட்டின் பாதியை அடைத்து நின்றன. பழனி சைரனைப் போட்டு, கண்ணாடியை இறக்கி இரண்டு பாஷையிலும் திட்டி, ஒருவழியாக வெளியே வந்தான். வண்டிக்குள் மாங்காய் வாசனை நிறைந்தது.

"பழனி, டவுனுக்குள்ள போப்பா" என்றார் கங்கையா.

"பைபாஸ்ல போனா அரைமணி மிச்சம் பெரியவரே."

"தெரியும். பஜார்ல ஒரு கடையில நிறுத்தணும்."

"மாலைங்களா? உங்க ஊருகிட்டயே கெடைக்குமே."

"கொள்ளு வாங்கணும்."

பழனி கண்ணாடியில் அவரைப் பார்த்தான். பிறகு சுந்தரம்மாவைப் பார்த்தான். "பொணத்த வச்சிக்கினு யாரும் கடைக்குப் போறதில்ல பெரியவரே. பதினாலு வருசமா ஓட்டறேன். நாங்க டீக்குக்கூட நிறுத்த மாட்டோம்."

"நேத்து ராத்திரி போன்ல பேசனேன். கொள்ளு தீந்துபோச்சுன்னேன். நாலு நாள்ல வர்றப்போ சித்தூர்ல எறங்கி வாங்கிக்கினு வரேன், அதுவரைக்கும் தவிடு குடுன்னா." கங்கையா போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தார். "இப்போ வந்துக்கினுதான கீறா? வாங்கிக்கினு போயிடலாம்."

சித்தூர் எல்லையில் வண்டி பைபாஸை விட்டு இடதுபக்கம் திரும்பியது.

பஜார் தெரு முனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டான். கங்கையா இறங்கி நடந்தார். கடையை அவர் பார்த்ததில்லை. பிள்ளையார் கோவிலுக்கு எதிர்க்கடை, வாசலில் பருத்திக்கொட்டை மூட்டை இருக்கும் என்று அவள் எப்போதோ சொன்னது ஞாபகம் இருந்தது.

"செங்கம்மா வாங்கற கொள்ளு ஒரு மூட்டை வேணும்."

கடைக்காரர் தராசிலிருந்து நிமிர்ந்தார். "குதிரைக்கார அக்காவா? நீங்க?"

"ஊட்டுக்காரரு."

"ஓகோ!" அவர் முகம் மலர்ந்தது. "கவைக்கோலால தீனி வெக்கறவரு! அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். அக்கா எங்க, வரலியா?"

கங்கையா தெருமுனையைப் பார்த்தார்.

"வண்டியில கீறா."

"போன தபா கல்லு கலந்துக்கீதுன்னு எங்கிட்ட சண்டை. இது புதுச் சரக்கு. கையில அள்ளிப் பாருங்க. நல்லாக் கீதுன்னு அக்காகிட்ட சொல்லுங்க."

"சொல்றேன்."

ஆள் அனுப்புகிறேன் என்றதை மறுத்துவிட்டு, மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். ஐம்பத்தெட்டு வயதுக்கு அது கனம்தான். பஜார் முழுக்க வெயில். வியர்வை கண்ணில் இறங்க, அவர் எங்கேயும் இறக்கிவைக்காமல் நடந்துவந்தார். பழனி இறங்கி ஓடிவந்து பின்கதவைத் திறந்து ஒரு கை பிடித்தான். மூட்டை ஸ்ட்ரெச்சருக்குக் கீழே போகவில்லை. அவள் கால்மாட்டில், கதவை ஒட்டி வைத்தார்கள்.

வண்டி கிளம்பி, கொஞ்ச தூரம் போன பிறகு கங்கையா, "புதுச் சரக்காம்" என்றார்.

சுந்தரம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

ஊரில் பந்தல் போட்டிருந்தார்கள். மேளம் தயாராக இருந்தது. சுரேஷ்பாபு வந்துவிட்டிருந்தான். ஆம்புலன்ஸைப் பார்த்ததும் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். பழனி பின்கதவைத் திறந்தான். வழியில் இருந்ததால் முதலில் கொள்ளு மூட்டைதான் இறங்கியது.

அழுகை ஒரு கணம் தட்டுத்தடுமாறி நின்றது.

"இன்னாடா இது?" கங்கையாவின் அக்கா செல்லியம்மா முன்னால் வந்தாள். "பொண்டாட்டி பொணத்தோட மூட்டையா? பூவு வாங்கியாந்தியா, கோடி வாங்கியாந்தியா? கொள்ளு வாங்கியாந்துக்கீறியே, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"நைனா, எல்லாரும் பாக்கறாங்க" என்றான் சுரேஷ்பாபு தாழ்ந்த குரலில். இரவு முழுக்க ஓட்டிய கண்கள் சிவந்திருந்தன.

கங்கையா மூட்டையைத் தூக்கிச் சுவரோரமாகச் சாத்திவிட்டு வந்து, ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கத்தைப் பிடித்தார். "காலப் புடிடா" என்றார் மகனிடம். மகன் பிடித்தான். அம்மாவின் பாதத்தில் கை பட்டதும்தான் அவன் உடைந்தான். பெண்கள் மறுபடி ஆரம்பித்தார்கள்.

குளிப்பாட்டி, கோடி உடுத்தி, மஞ்சள் பூசிப் பந்தலில் கிடத்தியிருந்தார்கள். கங்கையா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்லி அழுதார்கள். கண் தெரிய வைத்தாயே என்றார் ஒரு கிழவர். நடு ரோட்டில் பிறந்த என் பேரனுக்கு உன் முந்தானைதானே முதல் துணி என்று ஒருத்தி. கங்கையா ஒவ்வொன்றையும் காது கொடுத்துக் கேட்டார். பாதிக்கு மேல் அவருக்குத் தெரியாதவை.

நாலு மணி சுமாருக்கு வீட்டுக்குப் பின்னாலிருந்து குளம்புச் சத்தம் கேட்டது. உதைக்கிற சத்தம். பலகை முறிவதுபோல் ஒன்று. பிறகு கனைப்பு. சாவுக்கு வந்தவர்களில் யாரோ, "வாயில்லாத ஜீவனுக்கும் தெரிஞ்சிடுச்சி பாரு" என்றார். கங்கையாவுக்குத் தெரியும், அது பசி. நேற்று ராத்திரிக்குப் பிறகு அதன் வயிற்றுக்குள் ஒன்றும் போகவில்லை. பசி மட்டும் இல்லை, கொட்டகைக்குள் வேறு யாரோ இருக்கிறார்கள்.

எழுந்து போனார். கொல்லைக்குத்தான் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

கொட்டகைக்குள் கிருஷ்ணப்பா. எழுபது வயதிலும் கயிற்றைச் சுருட்டிப் பிடித்திருந்த பிடி தளரவில்லை. தலைக்கயிறு மாட்டியாயிற்று, முளையிலிருந்து கட்டை அவிழ்த்துமாயிற்று. நச்சம்மா பின்பக்கத்தை அப்படியும் இப்படியும் வீசிக்கொண்டு சுவரோடு அவரை நெருக்கிக்கொண்டிருந்தாள். சுரேஷ்பாபு தடுப்புக்கு வெளியே நின்றிருந்தான்.

"கிருஷ்ணப்பா, திரும்பக் கட்டு" என்றார் கங்கையா.

"நைனா, நீ எதுக்கு எழுந்து வந்த?" என்றான் மகன். "எடுக்கறதுக்கு முன்னாடியே ஓட்டிட்டா நல்லது. அப்பறம் இருட்டிப்பூடும். யாரு இதப் பாக்கறது? நீ பெங்களூர் வரப்போற."

"வரேன்னு சொன்னனா?"

"போன்ல 'ம்'னியே."

"நீ சொல்றது காதுல வுழுந்துச்சுன்னு அர்த்தம்."

கிருஷ்ணப்பா சங்கடத்தோடு சிரித்தார். "கங்கையா, நானா கேக்கல. பையன் கூப்ட்டான், வந்தேன். வேணாம்னா கட்டிட்டுப் போறேன். ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. குச்சிக்கெல்லாம் குதிரை நிக்காது. கை படணும். குளம்பு தொடைக்கணும், தேய்ச்சி வுடணும். ஆள் தொடாத குதிரை ஒரு மாசத்துல கெட்டுப்பூடும். செங்கம்மா எனக்கும் மகதான். அவ வளத்ததக் கெடுக்காத."

அது நியாயமான பேச்சு. மகன் சொன்னதும் நியாயம்தான். கங்கையா தடுப்பு மூங்கிலைப் பார்த்தார். அது எவ்வளவு கனம் என்றுகூட அவருக்குத் தெரியாது. இரண்டு கையாலும் தூக்கி ஒருபக்கமாகப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

தூரத்தில் இருந்து பார்த்ததைவிட அது ரொம்பப் பெரியது. அதன் மூச்சு நாற்றமும் சூடுமாக அவர் முகத்தில் வந்து மோதியது. நச்சம்மா காதுகளைப் பின்னுக்கு மடக்கினாள். பிறகு தலையைத் தாழ்த்தி, அவர் சட்டை முழுக்க ஒட்டியிருந்த கொள்ளுத் தூசியை மோந்தாள். மூக்கால் நெஞ்சில் ஒரு முட்டு முட்டினாள். கங்கையா இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்தார்.

"நைனா, வெளிய வா!"

கங்கையா பின்வாங்கிய இரண்டடியைத் திரும்பவும் முன்னால் வைத்தார். கிருஷ்ணப்பாவின் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டார். மற்ற கையைக் கழுத்தில் வைத்தார். ஈரமாக, அடுப்புச் சுவர்போலச் சுட்டது. உள்ளங்கைக்குக் கீழே தோல் ஒருமுறை துள்ளியது. அவர் கையை எடுக்கவில்லை.

"எங்க தேய்க்கணும்?"

"கழுத்துக்குக் கீழ" என்றார் கிருஷ்ணப்பா. "மயிரு போற வாக்குல. பயப்படாத."

"பயமாத்தான் கீது. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

கங்கையா மயிர் போகிற வாக்கில் தேய்த்தார். சுரேஷ்பாபு அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மூலையில் கிடந்த பக்கெட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான். தண்ணீர் கொண்டுவந்து அப்பாவின் பக்கத்தில் வைத்தான். தவிடு எங்கே இருக்கிறது என்று கேட்டான்.

ஐந்தரைக்கு எடுத்தார்கள். ஊர்ப் பொது இடத்துக்குப் போகவில்லை. அவள் வாங்கிய ஒன்றரை ஏக்கரின் வடக்கு ஓரத்தில், மாமரங்களுக்கு அப்பால் குழி தோண்டச் சொல்லியிருந்தார் கங்கையா. அவருடைய அப்பாவையும் தாத்தாவையும் அடக்கம் செய்ய ஏரிக்கரையில் இடம் கேட்டுக் கைகட்டி நின்ற குடும்பம் அது. இங்கே யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மகன் முதலில் மண் போட்டான். கங்கையா மூன்று பிடி போட்டார். மண்ணில் ஒரு கல் இருந்தது. அதைப் பொறுக்கி வெளியே எறிந்துவிட்டு மிச்சத்தைப் போட்டார்.

எல்லோரும் பம்புசெட்டில் குளித்துவிட்டு வீடு திரும்பியபோது வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. சுந்தரம்மா தலை முழுகி, ரேகா கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு, பையோடு நின்றிருந்தாள்.

"இன்னும் மூணு நாள் சேவை கீதுண்ணா. காலையில அவ எடத்துல நான் நிக்கறேன்னு சொல்லிட்டு வந்தேன். சித்தூர் பஸ்ஸைப் புடிச்சா, அங்கருந்து திருப்பதிக்கு எந்நேரமும் வண்டி."

"வா, கொண்டாந்து வுடறேன்."

"இன்னைக்கி நீ வாசல் தாண்டக்கூடாதுடா" என்றாள் செல்லியம்மா. கங்கையா செருப்பைப் போட்டுக்கொண்டார்.

மெயின் ரோடுவரை முக்கால் மைல்.

"அவ சொல்வாண்ணா. 'எங்க ஊட்டுக்காரரு எல்லாத்துக்கும் ஒத்தாசை. பஸ் ஸ்டாப்புக்கு மட்டும் வரமாட்டாரு'ன்னு."

கல்வெர்ட்டைத் தாண்டிய பிறகு கங்கையா சொன்னார்: "குவைத்துக்குப் போறப்போ மெட்ராஸ் ஏர்போர்ட் வரைக்கும் போனேன். கண்ணாடிக் கதவு மூடிக்கிச்சு. அந்தாண்ட நின்னுக்கினு வாய அசைக்கறா. இன்னா சொல்றான்னு கேக்கல. அதோட இனிமே யாரையும் வழியனுப்பப் போறதில்லன்னு வச்சிக்கினேன்."

"இன்னா சொன்னாளாம்? அப்பறம் கேட்டீங்களா?"

"கேட்டேன், ஏழு வருசம் கழிச்சி. மறந்துட்டேன்னா."

சுந்தரம்மா சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். கங்கையாவின் முகத்திலும் ஏதோ அசைந்தது.

சித்தூர் பஸ் வந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, "வரேண்ணா" என்றாள். "பாத்துப் போம்மா" என்றார். கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் மேட்டில் ஏறி மறைகிறவரை கங்கையா அங்கேயே நின்றார். திரும்பிப் போகலாம் என்று நினைத்தார், போகவில்லை. ரோட்டோரத்து மைல்கல்லில் ஒரு காலை வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்தார்.

எதிர்ப்பக்கமிருந்து தமிழ்நாட்டுப் பஸ் ஒன்று வந்தது. ஆள் நிற்பதைப் பார்த்து வேகத்தைக் குறைத்து அவர் பக்கத்தில் வந்து நின்றது.

"திருத்தணி, திருத்தணி" என்று படியில் தொங்கியபடி கண்டக்டர் கூவினார். "வரீங்களா பெரியவரே?"

"காலையிலயும் இந்த வண்டி வருமா?"

"ஆறேகாலுக்கு ஒண்ணு, எட்டுக்கு ஒண்ணு."

"சரி. ஊர்ல யாராவது போறவங்க இருந்தா கொண்டாந்து வுடறேன். நீ போ" என்று கையைக் காட்டினார் கங்கையா.